ரெண்டர் முடிந்த பிறகு வெளிச்சத்தைத் திருத்துவது எப்படி? லைட் மிக்ஸ்: ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டட ரெண்டர் வேலையில், அதாவது முப்பரிமாண மாடலிலிருந்து கணினி படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் வேலையில், இரவு முழுக்க ஓடி முடிந்த படத்தை அனுப்பியதும் வருகிற பதில்களில் பாதி வெளிச்சத்தைப் பற்றியவை. "கோவ் லைட் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது." "டி.வி. சுவர் இருட்டடைந்து தெரிகிறது." "இதையே சாயங்காலமாகக் காட்ட முடியுமா?" இவற்றில் எதற்கும் மறுபடி ரெண்டர் போட வேண்டியதில்லை. ஆனால் ரெண்டர் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே விளக்குகளைத் தனித்தனிக் கணக்கில் எழுதி வைத்திருக்க வேண்டும். இந்த முறைக்குத்தான் லைட் மிக்ஸ் என்று பெயர். பிந்தைய திருத்தத்தின் முக்கால்வாசி வேலை முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

முடிந்த ஜேபெக் படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து கர்வ்ஸ் என்ற பிரகாசக் கோட்டை இழுப்பதையே ஒளித் திருத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது படத்தின் சாயலைத்தான் மாற்றும். ஒரு விளக்கை அணைத்தால் அதன் நிழல், டைல்ஸ் தரையில் தெரியும் அதன் பிரதிபலிப்பு, சுவரில் பட்டு மேற்கூரைக்குத் திரும்பிய மெல்லிய வெளிச்சம் எல்லாம் சேர்ந்து போக வேண்டும். எந்தக் கர்வ்ஸும் அதைச் செய்யாது.

எப்படி இது சாத்தியமாகிறது

ஒளி கூட்டல் கணக்கில் இயங்குகிறது. ஜன்னல் வெளிச்சம் மட்டும் இருக்கும் படத்தையும், டவுன்லைட் (சீலிங்கில் பதித்த விளக்கு) மட்டும் எரியும் படத்தையும் பிக்சல் பிக்சலாகக் கூட்டினால், இரண்டும் ஒன்றாக எரியும் படம் அப்படியே கிடைக்கும். இது தோராயம் இல்லை, சரியான விடை. இசைக்கூடத்தில் வயலினையும் மிருதங்கத்தையும் தனித்தனித் தடத்தில் பதிந்துகொண்டு பிறகு அளவு கூட்டிக் குறைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. ரெண்டர் எஞ்சின் ஒவ்வொரு ஒளிக்கதிரும் எந்த விளக்கிலிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு, அந்தந்த விளக்கின் பங்கைத் தனித்தனி அடுக்கில் சேமிக்கிறது. ஒரே ரெண்டரில் இத்தனை அடுக்குகளும் வந்துவிடும்.

மேக்ஸ்வெல் ரெண்டரில் மல்டிலைட் என்ற பெயரில் இந்த வசதி வெகுகாலமாக இருந்தது. கொரோனா என்ற எஞ்சினில் 2017-இல் 1.6 பதிப்போடும், வி-ரேயில் 2020-இல் 5-ஆம் பதிப்போடும் லைட் மிக்ஸ் வந்தது. பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் எஞ்சினில் 2022-இல் 3.2 பதிப்பில் லைட் குரூப் வந்தது. பொத்தான்களின் இடம் மாறுமே தவிர, அடியில் ஓடும் கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே தெரிந்துவிடும். அடுக்கை ஓர் எண்ணால் பெருக்கலாம்; அதாவது விளக்கின் பிரகாசத்தையும் நிறத்தையும் மாற்றலாம், அணைக்கலாம். விளக்கின் இடத்தை நகர்த்த முடியாது. சூரியனின் கோணம், நிழல் விளிம்பின் மென்மை, விளக்கின் ஒளி எப்படிப் பரவும் என்று சொல்லும் ஐ.இ.எஸ். கோப்பு தரும் ஒளிக்கூம்பின் வடிவம் ஆகியவையும் ரெண்டரோடு உறைந்துவிட்டவை. வாடிக்கையாளரிடம் பேசும்போது இந்த எல்லை மனத்தில் இருந்தால், செய்ய முடியாததற்கு வாக்குக் கொடுக்காமல் தப்பிக்கலாம்.

முதல் படி: விளக்குகளைக் குழுவாகப் பிரித்தல்

ஒரு வீட்டு ஹாலை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் பெரிய ஜன்னல். ஃபால்ஸ் சீலிங்கில் ஓடும் எல்.இ.டி. ஸ்ட்ரிப் (கோவ் லைட் என்பது இதுதான்), எட்டு டவுன்லைட், சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் ஒரு பெண்டன்ட், டி.வி. பலகைக்குப் பின்னால் ஒரு ஸ்ட்ரிப், பூஜை மாடத்தில் ஒரு சின்ன விளக்கு.

ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு குழு போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். 4000-க்கு 2250 பிக்சல் உள்ள படத்தில் 90 லட்சம் பிக்சல்கள். மூன்று நிறத் தடங்கள், தடத்துக்கு 4 பைட் என்றால் ஓர் அடுக்குக்கு 108 எம்.பி. நினைவகம் வேண்டும். பன்னிரண்டு அடுக்குகளுக்கு 1.3 ஜி.பி. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இருபது ஸ்லைடரை எதிரில் வைத்துக்கொண்டு எதை இழுப்பது என்று திகைக்கும் நிலைமை அதைவிட மோசம். வீட்டுச் சுவரில் எத்தனை சுவிட்ச் இருக்குமோ அத்தனை குழு போதும் என்பது என் வழக்கம். எட்டு டவுன்லைட்டும் ஒரே சுவிட்ச் என்றால் ஒரே குழு. இரண்டு சுவிட்சாகப் பிரிந்திருந்தால் இரண்டு குழு. மின் வரைபடம் கையில் இருந்தால் குழுக்களின் பெயரையும் அதிலிருந்தே எடுத்துவிடலாம்.

இதோடு சூரியன் ஒரு குழு, வானம் ஒரு குழு. இரண்டையும் பிரிப்பது கட்டாயம். சூரியன் உள்ளே பதிந்திருக்கும் எச்.டி.ஆர்.ஐ. படத்தை (ஒளி அளவோடு பதிந்த வானப் படம்) வைத்து ஒளி கொடுத்தால் சூரியனை மட்டும் தனியே அணைக்க வழியில்லை. மேகமூட்டமான எச்.டி.ஆர்.ஐ. ஒன்றை எடுத்து, சூரியனைத் தனி விளக்காக வையுங்கள். பிளெண்டரின் ஸ்கை டெக்ஸ்சரைப் பயன்படுத்தினால் சன் டிஸ்க் என்ற குறியை எடுத்துவிட்டு, தனியாக ஒரு சன் விளக்கை அதே கோணத்தில் வைக்க வேண்டும்.

பலர் மறந்துபோகும் ஒன்று, ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சிப் படம். அது பெரும்பாலும் தானே ஒளிரும் பொருளாக ஒட்டப்பட்டிருக்கும். அதற்குக் குழு ஒதுக்காவிட்டால், உள்ளே இரவாகி எல்லா விளக்கும் எரியும்போது ஜன்னலுக்கு வெளியே மட்டும் பட்டப்பகலாக மரங்கள் நிற்கும். ஒளிரும் பொருள்கள் எல்லாவற்றையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்: டி.வி. திரை, லாம்ப் ஷேடுக்குள் இருக்கும் பல்பு, எங்கிருந்தோ இறக்கிய மாடலுக்குள் ஒளிந்திருக்கும் எல்.இ.டி.

குழு அமைக்கும் இடங்கள்: வி-ரேயில் ரெண்டர் எலிமென்ட்ஸ் தாவலில் வி-ரே லைட் மிக்ஸைச் சேர்த்து, தனி விளக்கு, இன்ஸ்டன்ஸ், குரூப், லேயர் எதன்படி பிரிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். கொரோனாவில் ரெண்டர் செட்டப்பின் சீன் தாவலில் இன்டராக்டிவ் லைட் மிக்ஸ் அமைக்கும் பொத்தான் இருக்கிறது. அதுவே தேவையான எலிமென்ட்களை உருவாக்கிக் கொடுக்கும். பிளெண்டரில் மூன்று இடம்: வியூ லேயர் பண்புகளில் லைட் குரூப்பின் பெயரைச் சேர்ப்பது, ஒவ்வொரு விளக்கின் ஆப்ஜெக்ட் பண்புகளிலும் ஷேடிங் பகுதியில் அந்தப் பெயரைத் தேர்வது, வானத்துக்கு வேர்ல்ட் பண்புகளில் தேர்வது. எந்தக் குழுவிலும் சேராத விளக்கு மொத்தப் படத்தில் தெரியும், ஆனால் எந்த அடுக்கிலும் இருக்காது.

இரண்டாம் படி: ரெண்டருக்கு முன் அளவுகளைச் சமன்செய்தல்

நேர்வெயிலின் வெளிச்சம் தரையில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு). வீட்டு ஹாலில் இரவில் 150 லக்ஸ் இருந்தாலே பழகிய கண்ணுக்குப் போதும். இடைவெளி ஒன்பது ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு). இரண்டையும் உண்மை அளவிலேயே வைத்து ரெண்டர் போட்டால், எஞ்சின் தன் உழைப்பையெல்லாம் வெயில் மீது செலவழிக்கும்; கோவ் லைட்டின் அடுக்கு புள்ளிப் புள்ளியாக இறைந்து கிடக்கும். பகல் படத்தில் அது தெரியாது, வெயில் மூடிவிடும். சூரியனை அணைத்துக் கோவ் லைட்டை முன்னால் கொண்டுவந்தால் மறைந்திருந்த இரைச்சல் முழுவதும் வெளியே வரும். அந்த இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள் (பிக்சலுக்குக் கணக்கிடும் கதிர்கள்) வேண்டும்.

ஆகவே ரெண்டருக்கு முன் எல்லாக் குழுக்களையும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றையும் தனியே எரியவிட்டு, ஒரே எக்ஸ்போஷரில் (கேமரா ஒளியேற்கும் அளவில்) சுமாராகத் தெரிகிறதா என்று சின்ன அளவுச் சோதனை ரெண்டரில் பார்த்தால் போதும். உட்புற விளக்குகள் உண்மையைவிடத் தூக்கலாகவும் வெயில் உண்மையைவிட மங்கலாகவும் இருக்கும். மொத்தப் படம் அந்த நேரத்தில் விகாரமாகத்தான் தெரியும். கவலைப்பட வேண்டாம், அதை யாருக்கும் காட்டப்போவதில்லை. பிறகு குறைப்பது எப்போதும் பாதுகாப்பு, கூட்டுவதுதான் ஆபத்து.

எல்லா விளக்குகளையும் வெள்ளை நிறத்திலேயே ரெண்டர் செய்யுங்கள். 2700 கெல்வின் மஞ்சளோ 6500 கெல்வின் டியூப்லைட் வெள்ளையோ, மிக்ஸில் பெருக்கிக்கொள்ளலாம். ஆழ்ந்த சிவப்பில் ரெண்டர் செய்த விளக்கின் அடுக்கில் நீலத் தடம் பூஜ்யமாக இருக்கும். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அதை வெள்ளையாக்க முடியாது.

கிளாம்ப் என்ற ஒன்றையும் கவனிக்க வேண்டும். தெறிக்கும் வெள்ளைப் புள்ளிகளை அடக்க, குறிப்பிட்ட அளவுக்கு மேலான ஒளியை எஞ்சின்கள் வெட்டிவிடுகின்றன. பிளெண்டரில் இன்டைரக்ட் கிளாம்பின் இயல்பு மதிப்பு 10. வி-ரே, கொரோனாவில் இதற்கு இணையான அளவு 20. வெட்டிய ஒளி திரும்ப வராது. விளக்கைத் தூக்கலாக வைத்து ரெண்டர் செய்யும்போது வெட்டும் கூடுதலாக விழும். பளபளப்பான பித்தளை, கண்ணாடிச் சாமான் அதிகமுள்ள காட்சியில் கிளாம்பைச் சற்றுத் தளர்த்தி வைப்பது நல்லது.

வி-ரேயில் பிரைமரி ஜி.ஐ. (பட்டுத் திரும்பும் ஒளியைக் கணக்கிடும் முறை) பிரூட் ஃபோர்ஸில் இருக்கட்டும். பழைய பழக்கத்தில் இர்ரேடியன்ஸ் மேப் வைத்திருந்தால் லைட் மிக்ஸ் ஒத்துழைக்காது.

மூன்றாம் படி: சேமிப்பு

8 பிட் ஜேபெக்கில் ஒரு தடத்துக்கு 256 படிகள் மட்டும். மூன்று ஸ்டாப் ஏற்றினால் நிழல்கள் படிக்கட்டாகப் பிளந்துவிடும். இதற்கென்றே இருப்பது ஓப்பன் ஈ.எக்ஸ்.ஆர். ஐ.எல்.எம். (இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்) நிறுவனம் திரைப்பட வேலைக்காக உருவாக்கி 2003-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட கோப்பு வடிவம் அது. அதன் 16 பிட் ஹாஃப் ஃப்ளோட் வகை ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் 1024 படிகள் தருகிறது. வீட்டு உட்புறத்துக்கு இது தாராளம். 32 பிட் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஹார்ட் டிஸ்க் வாங்கும் செலவையும் சேர்த்து நினைத்துக்கொள்ளட்டும்.

அதே எஞ்சினிலேயே மிக்ஸைத் தொடர்வதாக இருந்தால் அதன் சொந்தக் கோப்பு வசதியானது. கொரோனாவின் சி.எக்ஸ்.ஆர். கோப்பைக் கொரோனா இமேஜ் எடிட்டரில் திறந்தால் 3டிஎஸ் மேக்ஸ் மென்பொருள் இல்லாமலே ஸ்லைடர்களை இழுக்கலாம். வி-ரேயில் வி.ஆர்.இமேஜ் கோப்பை ஃபிரேம் பஃபரில் மறுபடி ஏற்றலாம்.

மிக்ஸைத் தொடங்குமுன் ஒரு சோதனை. எல்லா அடுக்குகளையும் கூட்டிய படத்தை, டீநாய்ஸ் (இரைச்சலை மென்பொருளால் துடைப்பது) செய்யாத மொத்தப் படத்திலிருந்து கழித்துப் பாருங்கள். விடை முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். எங்காவது ஒரு மூலையில் லேசான வெளிச்சம் மிஞ்சினால், அங்கே குழுவில் சேராத விளக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாதவர்கள் பிற்பாடு, எல்லாவற்றையும் அணைத்தும் அணையாத அந்த மர்ம வெளிச்சத்தோடு மல்லுக்கட்டுவார்கள்.

நான்காம் படி: மிக்ஸ்

முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இருக்கிற படத்தில் அங்கே கொஞ்சம் கூட்டி, இங்கே கொஞ்சம் குறைத்துக்கொண்டே போனால் எல்லாம் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். கண்ணுக்கு நிற்க ஓர் இடம் இருக்காது. கத்துக்குட்டி ரெண்டர்களின் சலிப்புக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இருட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு குழுவையும் தனியாக எரியவிட்டுப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் குறைகள் தாமே வெளிப்படும். கோவ் லைட் தனியாக எரியும்போது சீலிங் மூலையில் ஒளி கசிவது தெரியும். டவுன்லைட் தனியாக எரியும்போது, சுவரிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைச் சுவரில் விழும் வளைவுகள் சொல்லும். பெண்டன்ட் தனியாக எரியும்போது மேசை மீது மட்டும் வெளிச்சம் விழுந்து நாற்காலிகளின் நிழல் நீண்டு கிடக்கும். எந்த விளக்கு இந்த அறைக்கு முகம் கொடுக்கிறது என்பது இப்படிப் பார்த்தால்தான் பிடிபடும்.

பகல் படத்துக்கு வானம்தான் அடித்தளம். வானத்தை மட்டும் எரியவிட்டு, ஜன்னலுக்கு அருகிலுள்ள வெள்ளைச் சுவர் வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரை வையுங்கள். கேமராவின் வெள்ளைச் சமநிலையையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். அதன் பிறகு இரண்டையும் தொடக் கூடாது. எக்ஸ்போஷரையும் விளக்கையும் மாறி மாறித் திருகினால் நாள் முழுக்கச் செக்கிழுக்க வேண்டியதுதான். அடுத்து சூரியன். தரையில் விழும் வெயில் கட்டம், வானம் மட்டும் இருந்தபோது அதே தரை இருந்த நிலையைவிட இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கலாக இருந்தால் வெயில் என்று கண் நம்பும். பகலில் உட்புற விளக்குகள் எரிய வேண்டுமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். டவுன்லைட்டை அணைத்துவிட்டு மாடத்து விளக்கை மட்டும் விட்டுவைத்தால் படம் பெரும்பாலும் மேம்படும். விளக்கு விற்பவரின் விளம்பரப் படம் என்றால் அது வேறு விஷயம்.

மாற்றங்களை ஸ்டாப் கணக்கில் செய்யுங்கள்: இரண்டு மடங்கு, பாதி, கால். 1.07, 1.12 என்று இழுத்துக்கொண்டிருந்தால் கண் பழகிப்போய் வித்தியாசமே தெரியாது. சரியான இடம் இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் என்று தெரிந்த பிறகு நுணுக்கத்துக்குப் போகலாம்.

சாயங்காலத்துக்கு மாற்றும்போது: சூரியன் பூஜ்யம். அது தரையில் பட்டுச் சுவருக்குத் திரும்பிய வெளிச்சமும் அதே அடுக்கில் இருப்பதால் எல்லாமே ஒன்றாகப் போய்விடும். வானத்தை நான்கைந்து ஸ்டாப் இறக்கி நீலத்துக்குத் தள்ளுங்கள். வெளிக்காட்சிப் படத்தையும் அதே அளவு இறக்குங்கள். கோவ் லைட்டை ஏற்றி 3000 கெல்வின் அருகே வையுங்கள். பிறகு எக்ஸ்போஷரை ஒரே ஒரு முறை, படம் முழுவதற்கும் திருத்துங்கள். இப்போது ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். பகலில் காணாமல் இருந்த பெண்டன்ட்டின் பிரதிபலிப்பு அதில் மிதக்கும். அதை நீங்கள் வரையவில்லை. முதலிலிருந்தே அந்த அடுக்கில் இருந்தது, வெளி வெளிச்சம் இறங்கியதும் தெரிகிறது, அவ்வளவுதான்.

வானத்தின் நீலமும் அறை விளக்கின் மஞ்சளும் சம பலத்தில் நிற்கும் நேரம் உண்மையில் மிகக் குறுகியது. சென்னை இருக்கும் அட்சரேகையில் சூரியன் மறைந்து சிவில் ட்வைலைட் (விளக்கில்லாமலே வெளியே தெரியும் அந்தி வெளிச்சம்) முடிய இருபத்து சொச்சம் நிமிடமே. ஐரோப்பிய ரெண்டர்களில் வரும் நீண்ட அந்தி அங்கே இயல்பு. நம் ஊர் வீட்டுக்கு அந்தப் படத்தை அப்படியே முன்மாதிரியாக வைத்தால், வானம் தேவைக்கு மேல் பிரகாசமாக நின்று எங்கேயோ இடிக்கும். வானத்தை இன்னும் ஒரு ஸ்டாப் இறக்கிப் பாருங்கள்.

ஃபோட்டோஷாப்பிலும் பிளெண்டர் கம்போசிட்டரிலும் கூட்டுவது

எஞ்சினுக்கு வெளியே கூட்டுவதாக இருந்தால் ஒரு விதி: கூட்டல் லீனியர், அதாவது திரைக்காகத் திருத்தாத உண்மை ஒளி மதிப்புகளில் நடக்க வேண்டும். திரையில் 128 என்று தெரியும் சாம்பல் பிக்சலின் உண்மையான ஒளி மதிப்பு 0.216 மட்டுமே. அப்படி இரண்டைக் கூட்டினால் 0.432, அது திரையில் 176 ஆகத் தெரிய வேண்டும். சாதாரண 8 பிட் படத்தில் கூட்டினால் 128-உம் 128-உம் சேர்ந்து 255 ஆகி, சாம்பல் சுவர் சுண்ணாம்பு வெள்ளையாகிவிடும். படம் ஏன் வெளுக்கிறது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

ஃபோட்டோஷாப்பில் ஈ.எக்ஸ்.ஆர். கோப்புகளை 32 பிட் நிலையிலேயே அடுக்கி, அடியில் உள்ளதை நார்மலாகவும் மற்றவற்றை லீனியர் டாட்ஜ் கலப்பிலும் வையுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் மேலே எக்ஸ்போஷர் அட்ஜஸ்ட்மென்ட் லேயரை அந்த அடுக்கோடு மட்டும் கோத்துக்கொண்டால் அதுவே ஸ்லைடர். ஃபோட்டோஷாப் பல அடுக்கு ஈ.எக்ஸ்.ஆர். கோப்பை இணைப்பு நிரல் இல்லாமல் ஒழுங்காகப் பிரிக்காது; அடுக்குக்கு ஒரு கோப்பாகச் சேமிப்பது எளிது. 16 பிட்டுக்கு இறக்கும்போது அடுக்குகளை ஒன்றாக்கி, எச்.டி.ஆர். டோனிங் பெட்டியில் எக்ஸ்போஷர் அண்ட் காமா முறையைத் தேர்ந்தெடுங்கள். வேறு முறையில் போனால் அது தன் இஷ்டத்துக்குப் படத்தை மாற்றிவிடும்.

பிளெண்டரில் இன்னும் நேரடி. ரெண்டர் லேயர்ஸ் கணுவிலிருந்து (நோட்) ஒவ்வொரு குழுவும் தனி இணைப்பாக வெளியே வரும். ஒவ்வொன்றையும் ஒரு எக்ஸ்போஷர் கணு வழியாகவும், நிறம் வேண்டுமானால் மல்டிப்ளை நிலையில் உள்ள மிக்ஸ் கணு வழியாகவும் செலுத்தி, பிறகு ஆட் நிலையில் ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள். டீநாய்ஸ் கணுவைக் கடைசிக் கூட்டுத்தொகைக்குப் பின் ஒரே முறை வைத்தால் வேகம். ஒரு குழுவைப் பலமாகத் தூக்கியிருந்தால் மட்டும் அதற்குத் தனியாக ஒரு டீநாய்ஸ் கொடுங்கள். ஆல்பெடோ (பொருளின் சொந்த நிறம்), நார்மல் (பரப்பின் திசை) அடுக்குகளை அந்தக் கணுவோடு இணைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மரத்தின் ரேகையும் துணியின் நெசவும் மெழுகாகிப்போகும். ஃபில்மிக், 4.0 பதிப்பு முதல் இயல்பாக வரும் ஏ.ஜி.எக்ஸ். ஆகிய நிறமாற்றங்கள் இரண்டுமே திரைக்குப் போகும் கடைசிப் படி. கூட்டலெல்லாம் அவற்றுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ப்ளூம், கிளேர் போன்ற ஒளிச்சிதறலும் கூட்டிய பிறகுதான். முன்பே போட்டால் அணைத்த விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் மட்டும் மிச்சமிருக்கும்.

ஐந்தாம் படி: எண்களைப் படித்துப் பார்த்தல்

மிக்ஸ் பிடித்துப்போன பிறகு ஸ்லைடர் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெண்டருக்கு முன் சமன்செய்தபோது ஒவ்வொரு விளக்கையும் உண்மையிலிருந்து எத்தனை மடங்கு மாற்றினீர்களோ, அதையும் சேர்த்துப் பெருக்குங்கள். டவுன்லைட் குழு கடைசியில் உண்மை அளவைவிட நான்கு மடங்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. ஒன்று ஏறக்குறைய 900 லூமன் தரும். படத்தில் இருப்பது 3,600 லூமன். அந்த மூன்று அங்குலத் துளைக்குள் அப்படி ஒரு விளக்கு கிடையாது. எக்ஸ்போஷரால் படம் முழுவதும் ஏறியிருந்தால் அதில் தவறில்லை, கேமரா அப்படித்தான் பார்க்கும். மற்ற விளக்குகளோடு ஒப்பிடும்போது இது மட்டும் நான்கு மடங்கு என்றால், கட்டி முடித்த வீட்டில் அந்தச் சுவர் படத்தில் இருந்ததைப் போல இருக்காது. வீட்டுக்காரர் முதலில் கேள்வி கேட்கப்போவது கட்டடக் கலைஞரிடம், அடுத்தது உங்களிடம். இந்தக் கணக்கை விளக்கு அமைப்பு வரைபடத்தின் ஓரத்தில் குழுவாரியாக எழுதிக் கொடுத்துவிட்டால், இன்னும் இரண்டு விளக்கு சேர்ப்பதா, சுவரின் நிறத்தை வெளிர்ப்பதா என்று அவர்கள் முடிவுசெய்துகொள்வார்கள்.

அந்த அறைக்கு வேறு கோணங்களும் ரெண்டர் செய்ய வேண்டியிருந்தால், முடிவான எண்களைக் காட்சிக்கே திருப்பி அனுப்பலாம். வி-ரேயிலும் கொரோனாவிலும் அதற்குப் பொத்தான் உண்டு. ஆனால் அனுப்புவதற்கு முன், சமன்செய்த பழைய காட்சிக் கோப்பை வேறு பெயரில் சேமித்து வையுங்கள். அடுத்த வாரம் "இரவுக் காட்சியும் ஒன்று வேண்டும்" என்று கேட்டால், எண்கள் ஏற்றிய கோப்பிலிருந்து போடும் ரெண்டரில் கோவ் லைட்டின் அடுக்கு மறுபடி இரைச்சலோடுதான் வரும்.